பழைய டீசல் காருக்கு எந்த எண்ணெய்?

இன்ஜின் எண்ணெய்க்கு நம் நாட்டில் 'மிஞாக் ஹீத்தாம்' என்று பெயர். கறுப்பு எண்ணெய் என்று பொருள். டப்பாவிலிருந்து ஊற்றும்போது அது தேன் நிறத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் கார்களில் அந்த நிறம் மாற மாதக்கணக்காகும். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கோ அந்த மலாய்ப் பெயர் முதல் நாளே பொருந்திவிடும். எண்ணெய் மாற்றி, தோட்டத்துக்கு ஒருமுறை போய் வந்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், கறுத்திருக்கும். "நேத்துதானே மாத்தினேன், ஏமாத்திட்டாங்களா?" என்று பட்டறைக்குத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழைய டீசல் வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவர், தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியபோது, இவர்கள்தான் முதலில் கணக்குப் போட்டவர்கள். தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது. ஆனாலும், "வண்டியை வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா?" என்ற கேள்வி அன்று பல வீடுகளில் எழுந்தது. என் அக்காள் வீட்டிலும் எழுந்தது.

அக்காளிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ. 2.5 லிட்டர் டர்போ டீசல், 4டி56 என்ற இன்ஜின். அத்தான் 2003இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது 110,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2022இல் அவர் காலமானபோது 350,000. அக்காளுக்குச் செம்பனைத் தோட்டத்துக்குப் போக வேறு வண்டி கிடையாது. மழைக்காலத்தில் அந்த மண்பாதையில் சின்னக் கார் இறங்கினால் ஏறாது. புதிய பிக்கப் வாங்க வசதியில்லை. இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்தால் 6,000 வெள்ளிக்குக் குறையாது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே இருக்கிற இன்ஜினைக் கெடாமல் ஓட்டியாக வேண்டும். அந்தப் பொறுப்பு இப்போது என்னுடையது.

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். கவுண்டரில் இருந்த பையன், "அங்கிள், இதை எடுத்துக்குங்க. ஃபுல்லி சிந்தெட்டிக், 5டபிள்யூ-30, புது யூரோப் கார்க்கெல்லாம் இதான். இதைவிட பெஸ்ட் கிடையாது" என்றான். 7 லிட்டர் 290 வெள்ளி. அங்கிருந்து பட்டறைக்குப் போனால், இருபது வருடமாக அந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் நேர்மாறாகச் சொன்னார்: "வயசான இன்ஜின் சார். நல்லா கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திடுங்க. கம்முனு ஓடும்." ஒருவர் மெல்லியதே சிறந்தது என்கிறார், மற்றவர் கெட்டியானதே சிறந்தது என்கிறார். இரண்டு பேருமே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.

இந்தக் குழப்பத்தில் எனக்கு உதவியது அத்தானின் நோட்டுப் புத்தகம். டேஷ்போர்டுக்குள் பள்ளிக்கூடக் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை அவர் வைத்திருந்தார். 19 ஆண்டுகளில் 48 எண்ணெய் மாற்றங்கள். தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் வகை, ஃபில்டர் விலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பெரும்பாலும் 15டபிள்யூ-40. 2011இல் ஒருமுறை மட்டும், கடைக்காரர் பேச்சைக் கேட்டு 10,000 கிலோமீட்டர் தாங்கும் என்ற எண்ணெயை ஊற்றியிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில், "8,000லேயே கூழ் மாதிரி. இனி 5,000" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். இந்த நோட்டையும் வண்டியின் கையேட்டையும் வைத்துக்கொண்டு, டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பது பந்தயக் காரின் படம்.

முதலில் பார்க்க வேண்டியது ஏபிஐ என்ற எழுத்துகளும் அதன் பக்கத்தில் உள்ள குறியும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. சில டப்பாக்களில் இரண்டும் இருக்கும். முதலில் எழுதப்பட்டிருப்பது எதுவோ அதற்காகவே அந்த எண்ணெய் முக்கியமாகத் தயாரிக்கப்பட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். 'எஸ்' மட்டும் உள்ள எண்ணெய் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பழைய டீசலுக்கு வேண்டாம். டீசல் எரியும்போது கரி உண்டாகிறது. அந்தக் கரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் எண்ணெயில் பிரிந்தே மிதக்க வேண்டும். அந்த வேலைக்கான மருந்து டீசல் எண்ணெயில்தான் தாராளமாகக் கலக்கப்படுகிறது. எண்ணெய் உடனே கறுப்பதற்குக் காரணமும் இதுதான். கரி இன்ஜின் சுவரில் படியாமல் எண்ணெயில் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது.

'சி'க்குப் பிறகு வரும் எழுத்து, தரம் எந்தக் காலத்தியது என்பதைக் காட்டும். அக்காள் வண்டியின் கையேடு கேட்பது 'சிடி' அல்லது அதற்கு மேல். சிடி என்பது 1955இல் வந்த தரம், இன்று வழக்கொழிந்துவிட்டது. அதன் பிறகு சிஎஃப்-4, சிஎஃப், சிஜி-4, சிஹெச்-4 என்று வரிசையாக வந்தன. 2002இல் சிஐ-4, 2006இல் சிஜே-4, 2016 இறுதியில் சிகே-4. எழுத்து உயர உயரத் தரமும் உயர்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. சிகே-4 வந்த அதே நேரத்தில் எஃப்ஏ-4 என்று ஒன்றும் வந்தது. அது புதிய கனரக இன்ஜின்களுக்காகச் செய்யப்பட்ட மெல்லிய எண்ணெய். பழைய இன்ஜின்களுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது. 'புதுசு, அதனால் நல்லது' என்று எடுத்துவிடக் கூடாது.

சிஐ-4 நல்லதா, சிகே-4 நல்லதா? இதற்குப் பதில் சொல்ல நம் டீசலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அதை முறிக்க எண்ணெயில் காரத்தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். முன்பு நாம் ஊற்றிய யூரோ 2எம் டீசலில் கந்தகம் 500 பிபிஎம் வரை இருந்தது. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் யூரோ 5 டீசல் கட்டாயமானது. அதில் 10 பிபிஎம்தான். அமிலத்தின் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. அதனால் இன்று நம் நாட்டில் ஓடும் பழைய டீசல் காருக்கு சிஐ-4, சிகே-4 இரண்டுமே போதும். கைக்கு எட்டுகிற விலையில் எது அசலாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். சிகே-4 எண்ணெயில் சாம்பல் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பது, புகைபோக்கியில் கரி வடிகட்டி உள்ள வண்டிகளுக்காக. நம் பழைய வண்டியில் அந்த வடிகட்டியே கிடையாது.

அடுத்தது 15டபிள்யூ-40 என்ற எண்கள். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜின் சுழல அந்த எண்ணெய் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில். நம் ஊரில் விடியற்காலையில் 24 டிகிரி என்றால் 'குளிருது' என்கிறோம். 1998இல் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவான நாடு இது. கடைப்பையன் காட்டிய 5டபிள்யூ மோசமான எண்ணெய் அல்ல. அதன் சிறப்பு வெளிப்படும் குளிர் நம் தலைமுறையில் இங்கே வரப்போவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. அளவுகோல் 100 டிகிரி வெப்பம். அந்த வெப்பத்தில் 40 என்ற தரத்துக்கு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, 50க்கு 16.3 முதல் 21.9 வரை. இங்கேதான் மெக்கானிக்கின் பேச்சை எடைபோட வேண்டும். தேய்ந்த இன்ஜினில் இடைவெளிகள் அகன்றிருக்கும், அங்கே கெட்டியான எண்ணெய் நன்றாக நிற்கும் என்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் அது தேய்ந்த இன்ஜினுக்கு மட்டுமே பொருந்தும். வயதான இன்ஜின் எல்லாம் தேய்ந்த இன்ஜின் அல்ல. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் விரைவாகப் போய்ச் சேர வேண்டும். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. தேவையில்லாமல் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், டீசல் செலவும் சற்றுக் கூடும்.

அதனால் மெக்கானிக்கிடமே கேட்டேன். "அண்ணே, ஆயில் பிரஷரை அளந்து பார்த்துடலாமா?" மீட்டர் மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் விட்டு அளந்தோம். கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தோம். லேசான ஆவி இருந்தது, குபுகுபுவென்று புகை தள்ளவில்லை. 5,000 கிலோமீட்டருக்குக் குறைந்த எண்ணெய் 300 மில்லி அளவுதான். மெக்கானிக் சிரித்தார். "அப்ப 40 போதும் சார். பிரஷர் எறங்குற அன்னிக்கு 50 ஊத்தலாம்." அளந்து பார்த்த பிறகு எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

மினரலா, சிந்தெட்டிக்கா என்பது மூன்றாவது கேள்வி. மினரலில் பழகிய இன்ஜினுக்கு சிந்தெட்டிக் ஊற்றினால் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை. ஒரே தரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவும் கலக்கும். ஆனால், பழைய இன்ஜினில் கசடு அடைத்துக்கொண்டிருக்கும் சீல்களில், நன்றாகக் கழுவும் எண்ணெய் போனால் மறைந்திருந்த கசிவு வெளியே தெரியலாம். கசிவுக்குக் காரணம் தேய்ந்த சீல். எண்ணெய் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சிந்தெட்டிக்கின் உண்மையான பலன் அதிக வெப்பத்தைத் தாங்குவதும் நீண்ட நாள் உழைப்பதும். அக்காள் வண்டியின் நிலைமையில் அந்த நீண்ட நாளைப் பயன்படுத்த முடியாது. காரணம் கரி.

இந்த இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. முதலில் ஒரு சிறிய அறையில் எரியத் தொடங்கி அங்கிருந்து சிலிண்டருக்குள் பரவுகிறது. இந்த வகைப் பழைய இன்ஜின்களில் எண்ணெயில் சேரும் கரி அதிகம். அக்காளின் ஓட்டமோ தோட்டத்துப் பாதையில் இரண்டாம் கியரில் ஊர்வதும், குலைகளைப் பார்க்க இறங்கும்போது இன்ஜினை ஓடவிட்டு நிற்பதும். கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதோடு நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலும் கலந்திருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகி அது எண்ணெயில் கலந்தால், சாதாரண டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போகாது, அங்கேயே தங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். எப்படிப் பார்த்தாலும் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும். 5,000இல் கொட்டப்போகும் எண்ணெய்க்கு 10,000 கிலோமீட்டரின் விலையைக் கொடுப்பானேன்?

கணக்கைச் சொல்கிறேன். நான் தேர்ந்தெடுத்தது 15டபிள்யூ-40, சிஐ-4, மினரல். 7 லிட்டர் 135 வெள்ளி, ஃபில்டர் 25 வெள்ளி, ஆக 160. இந்த வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால், 5,000 கிலோமீட்டருக்கு 500 லிட்டர் டீசல். 2024 ஜூனில் இருந்த 3 வெள்ளி 35 காசு விலையில் 1,675 வெள்ளி. எண்ணெய்ச் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே டீசல் விலை ஏறியதற்காக எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள், 160 வெள்ளியை மிச்சப்படுத்தி 6,000 வெள்ளிச் செலவை அருகில் அழைக்கிறார்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டப்பாவின் விலையில் பிடியுங்கள், மாற்றும் தேதியில் பிடிக்காதீர்கள். ஃபில்டரிலும் பிடிக்காதீர்கள். பழைய ஃபில்டருக்குள் தங்கியிருக்கும் கறுப்பு எண்ணெய், புதிய எண்ணெயோடு முதல் நிமிடத்திலேயே கலந்துவிடும்.

மலிவு என்றதும் ஓர் எச்சரிக்கை. போலி எண்ணெய் பிடிபட்ட செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. பெயர்பெற்ற எண்ணெய் ஒன்று மற்ற எல்லாக் கடைகளையும்விடப் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மூடியின் சீலையும், டப்பாவில் அச்சிட்ட தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை அப்படியே விட்டுவராமல் அடியில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அசல் டப்பாதான் போலிக்காரனுக்கு மூலதனம்.

ஊற்றியதோடு வேலை முடியவில்லை. வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நிறத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இருக்க வேண்டும். மணல்போல் உறுத்தினாலோ மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தாலோ பட்டறைக்குப் போங்கள். முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, எண்ணெயின் மட்டமும் ஏறியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம். எண்ணெய் குறையாமல் ஏறுகிறதே என்று மகிழ வேண்டாம். காப்பியில் பால் கலந்த நிறம் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. டர்போ டீசலில் அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் காற்றுக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு, சாவியை அணைத்தாலும் இன்ஜின் தானாகவே வெறிபிடித்து ஓடும் ஆபத்து உண்டு. நெடுந்தூரம் ஓட்டி வந்தால் அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் வேலிக் கம்புக்கும் கோழிக்கூட்டுக்கும் கரையானுக்காகப் பூசுவார்கள். நானும் பார்த்து வளர்ந்தவன்தான். இன்று நம் சட்டத்தில் கழிவு மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று குறியீடு கொடுத்து, கட்டுப்படுத்தப்பட்ட கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். பட்டறையிலேயே விட்டுவிட்டால், உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

எந்த எண்ணெயும் தேய்ந்த வளையத்தை வளர்க்காது, பழுதான இன்ஜெக்டரைச் சரிசெய்யாது. இன்ஜின் இன்று இருக்கிற நிலையிலிருந்து சீக்கிரம் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் எண்ணெயால் முடிந்தது. "இன்னும் எத்தன வருஷம்டா ஓடும்?" என்று அக்காள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். வருடம் எனக்குத் தெரியாது, அடுத்த 5,000 கிலோமீட்டருக்கு என்னால் பொறுப்பேற்க முடியும் என்றேன். "அது போதும், இந்த அறுவடை முடியட்டும்" என்றார்.

வண்டி இப்போது 371,000 கிலோமீட்டரில் நிற்கிறது. அத்தானின் நோட்டில் இன்னும் சில வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. இப்போதெல்லாம் வாரம் தவறாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதுவது அக்காள் மகள்தான். உங்கள் வீட்டிலும் பழைய டீசல் வண்டி இருந்தால், 15டபிள்யூ-40 டப்பா வாங்கும்போது ஒரு நோட்டும் சேர்த்து வாங்குங்கள். அடுத்த முறை கடையில் யாராவது 'இதுதான் பெஸ்ட்' என்றால், உங்கள் வண்டி எதற்கு நன்றாக ஓடியது என்று அதில் எழுதியிருக்கும்.